30 வயசுக்கு மேல புல்-அப்ஸ் கத்துக்க முடியுமா? ஜிம்னாஸ்டிக்ஸ் பாணி உடல் எடைப் பயிற்சி பற்றி தெரிந்துகொள்ள வேண்டியவை

தூத்துக்குடி தருவை மைதானத்துக்கோ முத்துநகர் கடற்கரைக்கோ விடியற்காலையில் போனால் ரெண்டு வகை ஆட்களைப் பார்க்கலாம். ஒரு பக்கம் போலீஸ், ராணுவ வேலைக்குத் தயாராகும் இளைஞர்கள். இன்னொரு பக்கம், டாக்டர் சொன்னதால் வாக்கிங் வந்த நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள். கம்பியில் தொங்கி எம்பி ஏறும் பையனை நடந்து போகிறவர் ஒரு நிமிஷம் நின்று பார்ப்பார். "நமக்கெல்லாம் இனிமே எங்க..." என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார்.

அந்த "இனிமே எங்க" சரியா? சரியில்லை. முப்பதிலும் நாற்பதிலும் தொடங்கி கம்பியில் ஏறலாம், தலைகீழாகக் கையில் நிற்கவும் கற்றுக்கொள்ளலாம். ஆனால் பதினைந்து வயதுப் பையன் கற்றுக்கொள்ளும் அதே வழியில் போனால் முழங்கையோ தோள்பட்டையோ பழுதாகும். வழி எங்கே மாறுகிறது என்பதுதான் விஷயம்.

முதலில், இது என்ன பயிற்சி?

டம்பெல், எடைத்தட்டு எதுவும் இல்லாமல் நம்ம உடம்பையே எடையாக வைத்துச் செய்யும் பயிற்சி. காலிஸ்தெனிக்ஸ் என்று இப்போது இன்ஸ்டாகிராமில் ஓடும் பெயர், அழகு, பலம் என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களிலிருந்து வந்தது. பெயர் புதுசு, விஷயம் நமக்குப் பழசு. தண்டால், பஸ்கி எடுக்காத தாத்தா எந்தத் தெருவில் இல்லை?

இதில் ஜிம்னாஸ்டிக்ஸ் பாணி என்று தனியாகச் சொல்வது எதற்கு? சாதாரணமாக நாம் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போவோம்: இன்று 20 தண்டால், நாளை 30. ஜிம்னாஸ்டிக்ஸ் வழி வேறு. எண்ணிக்கை ஓரளவு வந்ததும் அதே அசைவின் கடினமான வடிவத்துக்கு மாறிவிடுவார்கள். 50 தண்டால் எடுப்பவரைவிட, ஒற்றைக் கம்பியில் ஒழுங்காக 8 முறை ஏறுபவரும், வளையத்தில் 20 விநாடி அசையாமல் நிற்பவரும் அவர்கள் கணக்கில் பெரிய ஆள்.

பேரலல் பார் எனும் இரட்டைக் கம்பியைப் பரப்பியவர் ஜெர்மனியின் ஃப்ரீட்ரிஷ் லுட்விக் யான். 1811ல் பெர்லினில் அவர் திறந்தவெளிப் பயிற்சி மைதானம் ஒன்றைத் தொடங்கினார். நம்ம பக்கம், 1920ல் சென்னையில் ஹாரி குரோ பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ உடற்கல்விக் கல்லூரியில் படித்தவர்கள் பல ஊர்களுக்கு உடற்கல்வி ஆசிரியர்களாகப் போனார்கள்.

அதற்கும் முன்பிருந்தே இங்கே மல்லர் கம்பம் இருந்திருக்கிறது. 12ம் நூற்றாண்டு நூலான மானசோல்லாசத்தில் குறிப்பு உண்டு என்கிறார்கள். எண்ணெய் பூசிய மரக் கம்பத்திலும் தொங்கும் கயிற்றிலும் உடம்பை முறுக்கி நிற்கும் இந்தக் கலை இன்று தமிழ்நாட்டில் அதிகம் பேசப்படுவது விழுப்புரத்தை வைத்து. கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டிலும் இது ஒரு போட்டி. யாராவது "ஜிம்னாஸ்டிக்ஸ் எல்லாம் வெளிநாட்டுக்காரன் சமாச்சாரம்" என்றால் ஒரு மல்லர் கம்பம் வீடியோவைக் காட்டினால் போதும்.

தூத்துக்குடிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

இந்தக் கடற்கரையில் உடல் வலிமை என்பது பொழுதுபோக்காக இருந்ததில்லை, பிழைப்பாக இருந்தது. முத்துக்குளிப்பவர் கல் கட்டிய கயிற்றில் காலை வைத்துக் கடலுக்குள் இறங்குவார். மூச்சைப் பிடித்துக்கொண்டு சுமார் ஒரு நிமிடம் சிப்பி சேகரிப்பார். கயிற்றை அசைத்ததும் படகில் இருப்பவர் கைக்குக் கை மாற்றி மேலே இழுப்பார். ஒரு நாளைக்கு எத்தனை முறை! கயிறு இழுத்த அந்தக் கைக்குத் தனியாக "புல் டே" எதுவும் தேவைப்பட்டிருக்காது.

இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய கிரேக்கக் கடல்வழிக் குறிப்பான பெரிப்ளூஸ், கொற்கையில் தண்டனை பெற்ற கைதிகளை வைத்து முத்தெடுத்தார்கள் என்று சொல்கிறது. அவ்வளவு கடுமையான வேலை. மன்னார் வளைகுடாவில் கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு நடந்தது 1961ல். 1973ல் தூத்துக்குடியிலேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் வளர்ப்பு முத்து உருவாக்கிக் காட்டியது. 1974ல் துறைமுகம் பெருந்துறைமுகம் ஆனது. கன்டெய்னர் வந்தது, கிரேன் வந்தது. மூட்டை தூக்கிய தோளின் பேரன் இன்று ஷிப்பிங் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முன் ஒன்பது மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். திரேஸ்புரத்தில் சங்கு குளிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் ஊரின் பெரும்பகுதிக்கு வலிமை இனி வேலையோடு சேர்ந்து தானாக வராது. தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டும்.

(வேலை செய்த உடம்பு எல்லாம் ஆரோக்கியமான உடம்பு என்று இதற்கு அர்த்தம் இல்லை. உப்பளத்தில் வருஷக்கணக்கில் ஒரே அசைவைச் செய்தவர்களின் இடுப்பு வலியைக் கேட்டால் தெரியும். பயிற்சிக்கும் உழைப்புக்கும் உள்ள வித்தியாசமே ஓய்வுதான்.)

வயசானா உடம்பு கேட்குமா?

கேட்கும். முப்பது வயதுக்குப் பிறகு, எந்தப் பயிற்சியும் செய்யாவிட்டால், தசை பத்தாண்டுக்குச் சுமார் 3 முதல் 8 சதவீதம் வரை குறையும் என்பது மருத்துவத்தில் வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. பயிற்சி இந்தச் சரிவைத் தடுக்கும், திருப்பவும் செய்யும். உலக சுகாதார நிறுவனம் 2020ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் நடைப்பயிற்சியோடு நிற்காமல், பெரியவர்கள் வாரத்தில் குறைந்தது 2 நாள் தசைகளை வலுவாக்கும் பயிற்சி செய்யணும் என்கிறது. வாக்கிங் மட்டும் போகிறவர்கள் கவனிக்க.

உஸ்பெகிஸ்தானின் ஒக்சானா சுசோவிட்டினா டோக்கியோ ஒலிம்பிக்கில் வால்ட் போட்டியில் இறங்கியபோது வயது 46. அவர் சின்ன வயதிலிருந்தே விளையாடுபவர், நம்மோடு ஒப்பிட முடியாது. ஆனால் நாற்பதுக்கு மேல் மூட்டு தாங்காது என்ற பேச்சை அவர் உடைத்துவிட்டார்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். புதிதாகத் தொடங்கினால் முதல் சில வாரங்களிலேயே பலம் கூடியது போல இருக்கும். தசை அதற்குள் பெரிதாகிவிடவில்லை. இருக்கிற தசையை ஒரே நேரத்தில் வேலை வாங்க நரம்பு மண்டலம் கற்றுக்கொள்கிறது. தசை அதன் பிறகு மெதுவாக வளரும். தசையை எலும்போடு கட்டியிருக்கும் தசைநாண்களோ எல்லாவற்றையும்விட மெதுவாகத்தான் வலுவாகும். அங்கே மாசக் கணக்கு.

ஆக, ரெண்டாவது மாசம் "நல்லா வருதே" என்று உற்சாகமாகும் நேரம்தான் ஆபத்தான நேரம். தசை தயார், தசைநாண் தயாரில்லை. பெரியவர்களுக்கு முழங்கை உள்பக்கம் வலி ஆரம்பிப்பது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

எடையே இல்லாமல் எப்படிப் படிப்படியாகக் கூட்டுவது?

தண்ணீர் நிறைந்த குடத்தை இடுப்பில் அணைத்து வைத்தால் தெருக்கோடி வரை நடக்கலாம். அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடித்துப் பாருங்க, பத்து விநாடி தாங்காது. குடத்தின் எடை மாறவில்லை, உடம்பிலிருந்து அதன் தூரம் மாறியது. ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சியின் முழு ரகசியமும் இந்தக் குடம்தான்.

கம்பியில் தொங்கி உடம்பைத் தரைக்கு இணையாகப் படுக்கவைத்து நிறுத்தும் ஃப்ரன்ட் லீவரை எடுத்துக்கொள்ளுங்க. முதலில் முழங்காலை நெஞ்சோடு மடக்கிச் செய்வார்கள். பிறகு முழங்காலைக் கொஞ்சம் விலக்குவார்கள், அப்புறம் ஒரு கால் மட்டும் நீட்டுவார்கள், கடைசியில்தான் ரெண்டு காலும். ஒவ்வொரு படியும் குடத்தை இடுப்பிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடிப்பது மாதிரி.

தண்டாலுக்கும் இதே கணக்குதான். தரையில் சரியாக எடுக்கும் தண்டாலில் உடல் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கைக்கு வரும். 70 கிலோ ஆளுக்கு அது 45 கிலோவுக்கு மேல். ஜிம்மில் முதல் நாளே யாராவது 45 கிலோ பெஞ்ச் பிரஸ் கொடுத்தால் சண்டைக்குப் போவோம், தண்டால் வரலைன்னா மட்டும் வெட்கப்படுவோம். முழங்காலைத் தரையில் ஊன்றினால் கைக்கு வருவது பாதியளவு ஆகும். சுவரில் கை வைத்து நின்றபடி எடுத்தால் இன்னும் குறையும். சுவர், மேஜை, படிக்கட்டு, முழங்கால், தரை, அப்புறம் காலை உயர்த்தி வைத்து என்று போகலாம். ஒரு படியில் 3 சுற்று, சுற்றுக்கு 10 முதல் 12 வரை ஒழுங்காக வந்தால் அடுத்த படி.

முதல் புல்-அப் எப்படி வரும்?

பெரியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். தண்டாலில் பாதியாவது வரும், புல்-அப்பில் ஒன்று வரும் அல்லது வரவே வராது. கம்பியைப் பிடித்து உதைத்து எம்பி மூக்கு வரை போய்விட்டு இறங்குவதை ஒன்று என்று எண்ணிக்கொள்பவர்களும் உண்டு. அதை விட்டுடுங்க.

முதலில் சும்மா தொங்கணும். 10 விநாடியில் ஆரம்பித்து 30, 40 விநாடி வரை கூட்டினாலே பிடிமானம் பழகிவிடும். அடுத்து, கையை மடக்காமல் தொங்கியபடியே தோள்பட்டையை மட்டும் கீழ்நோக்கி இழுக்கணும். உடம்பு ரெண்டு விரற்கடை மேலே போகும். பார்ப்பவர்களுக்கு ஒன்றும் நடக்காதது போல இருக்கும். ஆனால் முதுகில் இறக்கை மாதிரி இருக்கும் எலும்பை எப்படி இயக்குவது என்று கற்பது இந்த அசைவில்தான். இது தெரியாமல் ஏறுகிறவர்கள் முழுப் பாரத்தையும் முழங்கையில் போடுகிறார்கள்.

கூடவே படுக்கை இழுப்பு. இடுப்பு உயரக் கம்பியைப் பிடித்து, குதிகாலைத் தரையில் ஊன்றி, உடம்பைச் சாய்த்து நெஞ்சைக் கம்பி வரை இழுக்கணும். நிமிர்ந்து நின்றால் சுலபம், படுக்கப் படுக்கக் கடினம். வலுவான மேஜைக்கு அடியில் படுத்து அதன் விளிம்பைப் பிடித்தும் செய்யலாம். பிளாஸ்டிக் மேஜையில் முயற்சி செய்து முகத்தில் அடிவாங்க வேண்டாம்.

கடைசிப் படி, இறங்கு முறை. ஸ்டூலில் ஏறி, தாடை கம்பிக்கு மேலே இருக்கும்படி நின்று, காலை எடுத்துவிட்டு 5 விநாடி எடுத்து மெதுவாக இறங்கணும். மேலே ஏறத் தேவையான பலம் இல்லாதபோதே கீழே இறங்கும் பலம் இருக்கும். அந்த இறக்கம் ஏற்றத்துக்கான பலத்தைக் கட்டும். சுற்றுக்கு 3 முதல் 5 முறை, மூன்று சுற்று. இது தசையையும் தசைநாணையும் பலமாக வேலை வாங்குவதால் வாரத்தில் ரெண்டு நாளுக்கு மேல் வேண்டாம்.

உடல் எடை, முன் அனுபவம் பொறுத்து முதல் புல்-அப்புக்கு ரெண்டு மாசமும் ஆகலாம், எட்டு மாசமும் ஆகலாம். பெண்களுக்கு வராது என்பது கட்டுக்கதை. இயல்பாகவே மேலுடம்பில் தசை குறைவாக இருப்பதால் படுக்கை இழுப்பில் அதிக நாள் செலவாகும், அவ்வளவே.

ஒரு வாரம் எப்படி இருக்கணும்?

மூன்று நாள் போதும், நடுவில் ஒரு நாள் இடைவெளி. ஒவ்வொரு நாளும் ஒரு தள்ளு, ஒரு இழுப்பு, ஒரு கால் பயிற்சி, ஒரு வயிற்றுப் பயிற்சி. சுற்றுகளுக்கு நடுவில் 2 நிமிடமாவது ஓய்வு. "இன்னும் ஒண்ணு ரெண்டு வரும்" என்ற நிலையிலேயே நிறுத்திவிடணும். கை நடுங்கி விழும் வரை செய்வது வீடியோவுக்கு நல்லாருக்கும், மூட்டுக்கு ஆகாது.

ஆரம்பத்தில் 10 நிமிடம் மணிக்கட்டுக்கும் தோளுக்கும் கொடுங்க. கீபோர்டில் கிடக்கும் மணிக்கட்டு பின்னோக்கி மடங்கவே மறந்திருக்கும். தலைகீழாக நிற்கப் பழகுகிறவர்களுக்கு முதல் தடை பயம் இல்லை, மணிக்கட்டுதான். அதற்கும் சுவர்தான் வாத்தியார்: முகம் சுவரைப் பார்க்கும்படி, காலைச் சுவரில் படிப்படியாக ஏற்றி, 20 விநாடி நிற்பதில் தொடங்கலாம்.

போலீஸ், ராணுவத் தேர்வுக்குப் போறவங்களுக்கு?

ராணுவ ஆள்சேர்ப்பு முகாமில் 10 புல்-அப்ஸ் எடுத்தால் முழு மதிப்பெண் 40. ஒன்பதுக்கு 33, எட்டுக்கு 27, ஏழுக்கு 21, ஆறுக்கு 16. ஆறுக்கும் பத்துக்கும் நடுவில் 24 மதிப்பெண் போகிறது! தமிழ்நாடு இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்களுக்குக் கயிறு ஏறுதல் உண்டு: 5 மீட்டருக்கு ஒரு நட்சத்திரம், 6 மீட்டருக்கு ரெண்டு நட்சத்திரம். (அந்தந்த ஆண்டு அறிவிக்கையை ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.)

கயிறு ஏறுவது ஒரு காலத்தில் ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸிலேயே பதக்கப் போட்டி. கடைசியாக 1932 லாஸ் ஏஞ்சலஸில் நடந்தது.

இளைஞர்கள் செய்யும் பெரிய தப்பு, எழுத்துத் தேர்வு முடிவு வந்த பிறகு கம்பியைத் தொடுவது. மிச்சமிருக்கும் சில வாரத்தில் தினமும் காலை, மாலை என்று ஏறி, தேர்வு நாளில் முழங்கையில் கட்டுப்போட்டு நிற்பார்கள். எழுத்துத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் அன்றே தொங்க ஆரம்பிக்கணும். நாலு எடுக்கிறவர் பத்துக்குப் போகணும்னா ஒரே மூச்சில் ஆறு, ஏழு என்று முட்டி மோதுவதைவிட, ரெண்டு ரெண்டாகப் பல சுற்று எடுத்து மொத்த எண்ணிக்கையை மெதுவாகக் கூட்டுவது பலன் தரும். முகாமுக்கு முந்தின மூன்று நாள் கம்பிப் பக்கமே போக வேண்டாம்.

யார் முதலில் டாக்டரைப் பார்க்கணும்?

இங்கே முத்துக்குளிப்பவருக்கு நேர் எதிராக நடக்கணும்: மூச்சைப் பிடிக்கக் கூடாது. எம்பும்போது மூச்சை அடக்கினால் ரத்த அழுத்தம் திடீரென ஏறும். ஏறும்போது விடுங்க, இறங்கும்போது இழுங்க. ரத்த அழுத்தம், இதய நோய், குடலிறக்கம் உள்ளவர்கள், தோள் ஒருமுறை நழுவியவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்கணும். கண் அழுத்த நோய் இருந்தால் தலைகீழாக நிற்பதே வேண்டாம், கண்ணுக்குள் அழுத்தம் கூடும்.

மறுநாள் தசை முழுக்கப் பரவலாக வலித்தால் பயமில்லை, ரெண்டு மூணு நாளில் போகும். மூட்டுக்குப் பக்கத்தில் ஒரே புள்ளியில், விரல் வைத்துக் காட்டும்படி வலித்தால் அது வேறு. அன்று இழுப்பை நிறுத்துங்க. எண்ணெய் தேய்த்துவிட்டு மறுபடி தொங்குவது நம்ம ஊர் வழக்கம், அதுதான் ரெண்டு வார வலியை ஆறு மாத வலியாக்குகிறது.

என்ன சாப்பிடணும்?

சாதாரணப் பெரியவருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 0.83 கிராம் புரதம் என்பது ஐ.சி.எம்.ஆர் கணக்கு. பலப் பயிற்சி செய்பவருக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை தேவைப்படலாம். சிறுநீரகப் பிரச்னை இருந்தால் டாக்டர் சொல்லும் அளவு மட்டுமே. தூத்துக்குடிக்காரருக்கு புரோட்டீன் பவுடர் எதற்கு என்று புரியவில்லை. 100 கிராம் சாளையிலோ சூரையிலோ சுமார் 20 கிராம் புரதம் இருக்கிறது. மீன் சாப்பிடாதவர்களுக்குப் பொட்டுக்கடலை, பயறு, பால். மக்ரூனில் முட்டை வெள்ளைக்கரு இருக்கிறதே என்று கேட்காதீங்க, சர்க்கரையும் இருக்கு.

எங்கே செய்யலாம்?

மொட்டைமாடி, பூங்கா, கடற்கரை எல்லாம் சரி. வெயில் ஏறும் முன் முடிச்சுடணும், புழுக்கத்தில் கை வேர்த்துக் கம்பி வழுக்கும். தண்ணீர்த்தொட்டி பைப்பிலும் கதவு நிலையிலும் தொங்காதீங்க. கடலோர ஊருக்கென்று ஒரு கூடுதல் எச்சரிக்கை உண்டு: உப்புக்காற்று இரும்பைத் தின்னும். பெயின்ட் பளபளப்பாக இருந்தாலும் வெல்டு வைத்த இடத்திலும் தரையில் புதைந்த இடத்திலும் உள்ளே அரித்திருக்கலாம். கம்பியைப் பிடித்து, காலைத் தரையிலிருந்து எடுக்காமல் பாதி எடையைக் கொடுத்து ரெண்டு பக்கமும் அசைத்துப் பாருங்க. கிறீச் சத்தம் வந்தால் வேறு கம்பி. வீட்டில் மரவளையம் மாட்டுகிறவர்கள் அதன் நைலான் பட்டையை வெயிலில் விட்டுவைக்காமல் பயிற்சி முடிந்ததும் கழற்றி உள்ளே வைக்கணும், வெயில் பட்டுப் பட்டு நூல் இற்றுப்போகும்.